குளக்கட்டில் நடந்த வாய்மொழிப் பரீட்சை

1

இந்தக் கதையை நான் எழுதுவதற்குக் காரணம் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி. கேட்ட இடம், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்ட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயடி. அவர் பெயர் கண்ணகை; என் மாணவி தக்ஷாயினியின் தாய். உன்னிச்சையில் வேளாண்மை செய்கிற குடும்பம். வார்ட்டில் கிடந்த மகன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மிஸ், இவள் இனிக் கெம்பசுக்கு வரத்தான் வேணுமா? எல்லாம் போனுக்குள்ள இரிக்காமே. இவன் அப்படித்தானே படிச்ச. நீங்க சொன்னா நாங்க கேப்பம்."

நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு மேடைகளில் பலமுறை பதில் சொன்னவள். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் மாலையோடு நின்று, ஒலிவாங்கியைப் பிடித்தபடி, தடுமாறாமல் சொல்லியிருக்கிறேன்.  அன்று குழாயடியில் அவருடைய கடைசி வசனம்தான் என்னைப் பயமுறுத்தியது. நீங்க சொன்னா நாங்க கேப்பம்.

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.

யோசிக்க எனக்குத் தெரிந்த வழி எழுதுவது. இடைக்கிடை கதை எழுதுவேன். (என் மாணவர்கள் யாரும் அவற்றை வாசித்ததில்லை. அது ஒரு நிம்மதி.) பதில் கிடைத்துவிட்டால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவதாக நினைத்துக்கொண்டுதான் இதையும் தொடங்கினேன்.

2

முதலில் எழுதியது இது:

'உன்னிச்சைக் குளத்தின் மேல் அந்திச் சூரியன் பொன்னாய் உருகிக்கொண்டிருந்தபோது தக்ஷாயினி

விட்டுவிட்டேன். பரீட்சை நடந்த அன்று நான் சூரியனைக் காணவில்லை. ஒரு கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எல்லாமே கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது.

இரண்டாவது தொடக்கம்:

'இணைய யுகத்தில் பல்கலைக்கழகக் கல்வியின் பொருத்தப்பாடு குறித்து இன்று பரவலாக

இதையும் விட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை மாணவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். பாதிப் பேருடையவை உடன்பிறந்தவைபோல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் எழுதிக் கொடுத்திருக்கும். அதனால்தான் எங்கள் துறை வாய்மொழிப் பரீட்சைக்குப் போனது. எழுத்தை நம்பமுடியாவிட்டால் முகத்தைப் பார்த்துக் கேட்போம் என்று கூட்டத்தில் தீர்மானமானது.

ஆனால் முகங்கள் ஊர்களில் இருந்தன. மாரி வெள்ளம் விடுதிகளுக்குள் புகுந்து, சுவரெல்லாம் பாசி பிடித்து, திருத்த வேலைக்காக அவற்றை மூடிவிட்டார்கள். விரிவுரைகள் இணையத்தில் நடந்தன. பரீட்சையும் இணையத்தில். ஆகவே விதிகள் போட்டார்கள்: கமரா திறந்திருக்க வேண்டும், கண் திரையை விட்டு விலகக் கூடாது, இடையில் எழுந்தால் பரீட்சை ரத்து. யாரோ காதுக்குள் விடை சொல்லிக்கொடுப்பார்கள் என்ற பயத்தில் போட்ட விதிகள். பரீட்சைக்கு முந்திய நாள் அவற்றை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியது நான்.

3

தக்ஷாயினி இரண்டாம் வருட மாணவி. விடுதிகள் மூடுவதற்கு முன்பு விரிவுரை மண்டபத்தில் ஜன்னல் பக்கம் இருப்பாள். எல்லோர் முன்னாலும் வாய் திறக்கமாட்டாள். மற்றவர்கள் போனபிறகு மேசையடிக்கு வருவாள். ஒருமுறை வந்து கேட்டாள்:

"மிஸ், சந்தை தானாச் சமநிலைக்கு வரும் எண்டு சொன்னீங்க. வரும் வரைக்கும் ஆர் பசியோட இரிக்கிற?"

 அவள் ஊருக்குப் போகும் பஸ் நேரம்வரை இரண்டு பேரும் மண்டபத்து வாசலில் நின்று பேசினோம். முடிவு காணவில்லை.*

இப்போது அவளுடைய அண்ணன் வினோஜன். இவனை எழுதுவதில்தான் நான் பிழைவிட்டேன். முதல் பிரதியில் இவன் கெம்பசைக் கேலி செய்கிறவன், தங்கையின் படிப்பைக் கெடுக்கிறவன். கதைக்கு வசதியான ஆள். உண்மையில் அவனும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவன்தான். போகவில்லை. "நாலு வருசம் படிச்சிட்டு மறுகா வேலை கேட்டு ரோட்டில குந்தி இரிக்கிறதா?" என்று வீட்டில் சொன்னானாம். கனடாவில் நடக்கிற தமிழ்க் கலியாணங்களின் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவன் தொழில். முழுவதும் இணையத்தில் பார்த்துப் பழகியது. அந்த வீட்டின் அடுப்பு பெரும்பாலும் அதில்தான் எரிந்தது.

அவர்கள் வீடு காட்டோரம். வீட்டில் சிக்னல் கிடையாது. குளக்கட்டில், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கு மேலே இருக்கிற சிமெந்துக் குந்தில் மட்டும் கிடைக்கும். பின்னேரங்களில் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் அங்கே போவார்கள். அவள் குந்தில் இருந்து என் விரிவுரையைக் கேட்பாள். அவன் கொஞ்சம் தள்ளிக் கீழே, புல்லில் மடிக்கணினியை வைத்து வேலை செய்வான். அவன் பையில் எப்போதும் காட்டு யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடி இருக்கும். வேளாண்மை முற்றுகிற மாதத்தில் உன்னிச்சையில் வெடி இல்லாமல் யாரும் பின்னேரத்தில் வெளியே நிற்பதில்லை.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குப் பின்னால் தெரிந்த வானத்தைப் பார்த்து, காற்றோட்டமான வீடு என்று நினைத்திருந்தேன்.

* ஒரு மாணவன் என் விரிவுரைக்குள்ளேயே, மேசைக்குக் கீழே போனை வைத்து, அதே பாடத்தை ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய் நானும் பார்த்தேன். என்னைவிட நன்றாக விளங்கப்படுத்தினார்.  தக்ஷாயினியின் கேள்விக்கு அந்தப் பேராசிரியையிடம் பதில் இருக்கலாம். பஸ் வரும்வரை அவர் வாசலில் நின்றிருக்கமாட்டார் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இது ஒரு வாதமா, ஆறுதலா என்று எனக்கே நிச்சயமில்லை.

4

பரீட்சை மத்தியானம் தொடங்கியிருக்க வேண்டும். துறையில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நானும் சக விரிவுரையாளர் ஷிஹானும் ஒரே கணினி முன்னால் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். அவர் ஏறாவூர்க்காரர். அலட்டல் இல்லாத மனிதர்.

தக்ஷாயினி கடைசி ஆள். தலையை வாரி, ஒரு பக்கம் பின்னி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். காதுகளில் ஹெட்செட்.

"வாய்ப்புச் செலவு எண்டா என்ன? உங்கட வாழ்க்கையில இருந்து உதாரணம் சொல்லுங்க" என்றார் ஷிஹான்.

"ஒண்டத் தெரிவு செய்யிறதால நாங்க கைவிடுற மற்றதின்ட பெறுமதி, சேர். உதாரணமா, நான் கெம்பசுக்கு வாற நாலு வருசம்..."

அவளுடைய கண் ஒரு கணம் திரையின் மூலைக்குப் போய்த் திரும்பியது. விடை எங்கேயோ எழுதி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். குரல் மாறவில்லை.

"...அந்த நாலு வருசத்தில, என்ட அண்ணன்..."

அப்போதுதான் அவளுடைய தோளுக்கு மேலே வானம் இல்லாமல் போனதைக் கண்டேன். சாம்பல் நிறம். அது அசைந்தது.

"மேடம்" என்றார் ஷிஹான். அவ்வளவுதான் சொன்னார்.

"புள்ள, எழும்பு. பின்னால ஆனை நிக்குது. எழும்பு" என்று நான் கத்தினேன்.

படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி அவள். பின்னால் அது. என் குரல் அந்தப் பக்கம் போனதா இல்லையா என்று தெரியாது.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாம் என்று ஒரு பிரதியில் நினைத்தேன். உறைந்த திரையோடு முடித்தால் அழகாக இருக்கும். அப்படி நினைத்ததற்காக என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. அந்தத் திரைக்கு முன்னால் நாங்கள் இருந்த நேரத்தில் அழகு எதுவும் இல்லை. ஷிஹான் அவளுடைய இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். எடுபடவில்லை. நான் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தேன், கண்ணாடிக்குள் கை போய்விடும் என்பதுபோல.

"உன்னிச்சைப் பக்கம் ஆரையும் தெரியுமா மேடம்?"

"தெரியா."

"யா அல்லாஹ். ரெண்டு வருசம் படிப்பிச்சிருக்கம்" என்றார் அவர், தனக்குத்தானே.

திரை கறுத்தது. தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று எழுத்து வந்தது. வெளியே இருட்டத் தொடங்கியபோதுதான் என் போன் அடித்தது. மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல்.

"மிஸ்... அண்ணனைத் தூக்கிட்டுப் போறாங்க."

6

நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"திரையில என்னையும் சின்னதாத் தெரியும்தானே மிஸ். அதில கண்ட. என்ட தலைக்குப் பின்னால ஒரு கறுப்பு. முதல்ல மரமெண்டு நினைச்ச. மறுகா மரம் நடந்திச்சு."

"கண்டிட்டு ஏன் எழும்பல்ல புள்ள?"



"எழும்பினா ரத்தெண்டு சொன்னீங்கதானே. திரும்பிப் பார்த்தா, விடை தெரியாமக் களவா ஆரையோ கேக்கன் எண்டு நினைச்சிருவீங்க எண்டு பயந்த."

"ஆனைக்குப் பயப்படல்லயா?"

"பயந்த மிஸ். ஆனா இது கூடின பயம்."

திரை உறைந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவள் பக்கம் நானும் ஷிஹானும் உறைந்திருந்தோம். கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாளாம். ஆகவே விடையை முழுவதும் சொல்லி முடித்தாள். பின்னால் யானை மூச்சுவிடுகிற சத்தம் ஹெட்செட்டையும் தாண்டிக் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, அசையாத எங்கள் இரண்டு முகங்களுக்கு வாய்ப்புச் செலவை விளக்கினாள். தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று வந்த பிறகுதான் திரும்பினாள். அது எட்டித் தொடக்கூடிய இடத்தில் நின்றது. அப்போதுதான் கத்தினாள்.

வினோஜனும் ஹெட்செட் போட்டிருந்தான். காதுக்குள் யாருடைய கலியாணத்து மேளமோ ஓடிக்கொண்டிருந்தது. கத்தல் கேட்டு எழும்பி, வெடியைக் கொளுத்தி எறிந்தபடி தங்கைக்கும் யானைக்கும் நடுவே ஓடி வந்தான். யானை அவன் பக்கம் திரும்பியது. பின்வாங்கி ஓடியவன் குளக்கட்டின் கரையைக் காக்கப் போட்ட அலைக்கற்களில் தலைகீழாக உருண்டான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. யானை அவனைத் தொடவில்லை. மடிக்கணினிக்கு மேலே கால் வைத்து, வட்டைப் பக்கம், வயல்வெளிக்குள், இறங்கிப் போய்விட்டது.

"நான் வெள்ளண எழும்பியிருந்தா அண்ணனுக்கு இப்படி நடந்திராது" என்றாள். பிறகு, கேட்கலாமா கேட்கக் கூடாதா என்று தெரியாதவள்போல:

"மிஸ், நான் சொன்ன விடை உங்களுக்குக் கேட்டயா?"

"இல்ல புள்ள."

அந்த வாங்கிலேயே சொன்னாள். கெம்பசில் இருக்கும் நாலு வருடத்தில் அண்ணனோடு சேர்ந்து தான் உழைத்திருக்கக் கூடிய காசுதான் அந்தப் படிப்பின் வாய்ப்புச் செலவு. அதில் அண்ணன் தனியாகச் சுமக்கும் களைப்பும் சேரும், ஆனால் அதை அளக்க வழி தெரியவில்லை. விடை சரி. நான் எதிர்பார்த்ததைவிடவும் கூட.

"சரி" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று

7

(மேலே உள்ள வசனத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

வார்ட்டுக்குள் வினோஜனின் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான். எழுந்திருந்து வேலை செய்ய மாதக்கணக்காகும். கனடாக்காரர்கள் அவ்வளவு நாள் பொறுக்கமாட்டார்கள். தக்ஷாயினிக்கு வேலை தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தே பழகியிருந்தாள். அவள் எடுத்துச் செய்தால் தொழில் கைவிட்டுப் போகாது. அம்மா குழாயடியில் கேட்ட கேள்விக்குள் இத்தனையும் இருந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி?" என்று அவனைக் கேட்டேன். கெம்பஸ் வேண்டாம் என்று சொல்வான், எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

"நான் போகாம விட்டதுக்குக் கவலைப்படல்ல மிஸ். ஆனா கலியாணம் வெட்டுறதையும் இப்ப மெசின் செய்யுதாம். போன மாசம் ஒருத்தன் அனுப்பிக் காட்டினான். நல்லாத்தான் இரிக்கு. ரெண்டு வருசத்தில எனக்கு வேலை இரிக்குமோ தெரியா." முகட்டைப் பார்த்தபடி தொடர்ந்தான். "அவள் வேற எதையும் படிக்கட்டும். எதை எண்டுதான் எனக்குத் தெரியா. உங்களுக்குத் தெரியுமா?"

கதையில் எனக்கு எதிரி தேவைப்பட்ட இடத்தில் வைத்திருந்த ஆள் இவன். அவனும் என்னிடமே கேட்டான்.

திரும்பும் வழியில் ஷிஹானின் காரில் நான் சொன்னேன்: "நெட்ல எல்லாம் இரிக்கு எண்டு சொல்றவங்க சிக்னல் உள்ள வீட்டில இருந்து சொல்றாங்க. இவளுக்கு அது குளக்கட்டில மட்டும்தான் இரிக்கு."

"கெம்பசும் அவளுக்குக் குளக்கட்டிலதானே மேடம் இருந்திச்சு" என்றார் அவர்.

பாலத்தைக் கடந்தோம். வாவியில் இறால் பிடிப்பவர்களின் விளக்குகள் தெரிந்தன.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் வருகிறாள். விடுதி அறை, சுவர், கதவு, இரவில் விளக்கு. வாசலில் நின்று என்னிடம் கேள்வி கேட்கிறாள். பட்டம் பெறுகிறாள். கண்ணகை புதுச் சேலையில் மண்டபத்துக்கு வருகிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. அடுத்த பக்கத்தில் பட்டதாரிகள் வெயிலில், நகரத்து வீதியோரம் விரிப்பு விரித்து, வேலை கேட்டு இருக்கிறார்கள். நான் படிப்பித்த முகங்கள். அவர்களில் ஒருத்திக்கு அவளுடைய பின்னல். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

இரண்டாவதில் அவள் வரவில்லை. அண்ணனின் வேலையைப் பொறுப்பெடுக்கிறாள். கெட்டிக்காரி, விரைவில் என்னைவிடக் கூடக் காசு உழைக்கிறாள். எழுத எழுத எனக்கே இது பிடித்தது. பிறகுதான் உறைத்தது: இந்த முடிவில் அவள் ஒவ்வொரு பின்னேரமும் அதே குந்துக்குப் போகிறாள். கீழே வெடியோடு இருக்க யாரும் இல்லை. அங்கே நானே ஒரு ஆளை நிறுத்தலாம், ஒரு மாமனை, ஒரு மச்சானை. கதைதானே. நிறுத்திப் பார்த்தேன். அந்த ஆளுக்கு முகம் வரவில்லை.

மூன்றாவது ஷிஹான் சொன்னது. "ரெண்டையும் செய்யட்டும் மேடம். பகல்ல படிப்பு, இரவில வேலை. இப்ப எத்தினை புள்ளைகள் அப்படி." அந்த முடிவில் அவள் நித்திரை கொள்ளவே இல்லை. விரிவுரையில் கண்ணைத் திறந்தபடி இருக்கிறாள், அசையாமல், நான் சொல்வது எதுவும் போய்ச் சேராமல். அந்த முகத்தை என்னால் எழுத முடியும். ஒருமுறை திரையில் கண்டது. ஆகவே விட்டேன்.

பரீட்சையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். துறைக்கூட்டத்தில் அவளுக்கு மறுபடி ஒரு தவணை கொடுக்கச் சம்மதித்தார்கள். கண் விலகக் கூடாது என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்டேன். "அப்ப எல்லாரும் பார்த்துச் சொல்லுவாங்களே" என்றார் ஒருவர். அவர் சொன்னதும் சரி. விதி இன்னும் அப்படியே இருக்கிறது.

9

விடுதித் திருத்த வேலை முடிந்து, திங்கட்கிழமை திறப்பதாக அறிவித்தார்கள். இன்று ஞாயிறு. இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கண்ணகை.

"மிஸ், நாளைக்குக் கெம்பஸ் துறக்குதாம்."

"ஓம்."

"யோசிச்சுச் சொல்றன் எண்டீங்க."

"அவள் என்ன சொல்றாள்?"

"உங்களைக் கேக்கச் சொல்றாள்."

"அவட அப்பா?"

"அவர் ஒண்டும் பேசுறாரில்ல. வட்டைக்கப் போறார், வாறார். நீங்க சொல்லுங்க மிஸ். பயப்படாமச் சொல்லுங்க."

அந்த அம்மாவுக்கு என் குரலில் பயம் கேட்டிருக்கிறது.

நான் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பேசினேன். பரிசளிப்பு விழாக்களில் சொல்கிற எதுவும் அதில் இல்லை. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், எனக்குத் தெரியாத ஊரில் ஒரு தாய் இதை வாசித்துவிட்டு, தன் பிள்ளைக்கும் அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வார். அவருடைய வீட்டில் சிக்னல் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணகையின் வீட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தும் நான் சொன்னதில் எனக்கு நிச்சயமில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் கோழி ஒன்றை அதட்டினார். கடைசியில்,

"சரி மிஸ்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அந்தச் 'சரி'யை இவ்வளவு நேரமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னபடி செய்கிறோம் என்ற சரியா, உங்களைக் கேட்டதே பிழை என்ற சரியா என்று பிடிபடவில்லை. திரும்ப எடுத்துக் கேட்கலாம். கேட்கவில்லை.

நாளை காலையில் எனக்கு விரிவுரை இருக்கிறது. இரண்டாம் வருடம். உன்னிச்சையிலிருந்து வருகிறவர்கள் விடிய முன்னம் புறப்பட்டால்தான் வந்து சேரலாம்.

இதை நீங்கள் வாசிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை கடந்து எவ்வளவோ நாளாகியிருக்கும். அவள் பஸ் ஏறினாளா, பின்னேரம் குளக்கட்டுக்குப் போனாளா என்பதெல்லாம் உங்கள் பக்கத்தில் நடந்து முடிந்த விஷயம். எனக்கு இன்னும் ஞாயிறுதான். வெயில் இறங்குகிறது.